கேட்காமல் வந்த அழைப்பு

விமான நிலையத்தை ஒட்டிய அந்த விடுதியில் நான் தங்கியது ஐந்து மணி நேரம்கூட இல்லை. உலகம் முழுக்கக் கிளைகள் வைத்திருக்கும் விடுதி அது. இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அறை எண் மறந்துவிட்டது. வெளியிலிருந்து அந்தக் கட்டடம் எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விடிகாலை நான்கு மணிக்கு அந்த அறையில் அடித்த தொலைபேசி மட்டும் இன்னும் எனக்குள் அடித்துக்கொண்டே இருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்து, வெறும் நன்றிக் குறிப்பாகப் போய்விடுமோ என்று பலமுறை எழுந்துவிட்டேன். சொல்ல நினைப்பது நன்றியை மட்டும் அல்ல.

அக்காவுக்கு மறுநாள் அறுவை சிகிச்சை. மயக்கம் தெளிந்து கண் திறக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லியிருந்தேன். முதல் விமானமே இரண்டரை மணி நேரம் தாமதம். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அடுத்த விமானத்தின் கதவை மூடியிருந்தார்கள். விமானம் கண்ணாடிக்கு அப்பால் அசையாமல்தான் நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் மூடியது மூடியதுதான். விமான நிறுவனத்தின் மேசையில் காலை 7.10 விமானத்துக்கு மாற்றிக் கொடுத்து, ஒரு இரவு தங்கும் சீட்டையும் கையில் திணித்தார்கள். ஷட்டில் பேருந்தில் என்னைப் போலவே சீட்டு வைத்திருந்த இருபது பேர். யாரும் யாரிடமும் பேசவில்லை.

விடுதி வரவேற்பறையில் ஒரே ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இருபது பேர் வரிசையையும் அவர் ஒருவரே பார்த்தார். ஒவ்வொருவரிடமும் அதே இரண்டு கேள்விகள்: காலையில் ஷட்டில் எத்தனை மணிக்கு? எழுப்பிவிட வேண்டுமா? எனக்கு 4.30 ஷட்டில் என்று எழுதிக்கொண்டார். எழுப்ப வேண்டாம், கைப்பேசியில் அலாரம் இருக்கிறது என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றே சொன்னேன். இந்தக் காலத்தில் யாராவது இன்னொருவரை நம்பி எழுந்திருப்பார்களா என்ற எண்ணம்.

இந்த மாதிரி விடுதிகள் மேல் எனக்கு நீண்ட நாளாகவே ஒரு மனத்தாங்கல் உண்டு. எந்த நாட்டில் இறங்கினாலும் அதே கம்பளம், அதே வெள்ளைப் போர்வை, சுவரில் யாருக்கும் பிடிக்காமல் போகாத அதே படம். எங்கே இருக்கிறோம் என்பதைச் சொல்ல மறுக்கும் அறைகள். ஆனால் அந்த ஒரே மாதிரித்தனம் யாரோ சோம்பேறித்தனத்தில் செய்தது இல்லை. 1951இல் கெம்மன்ஸ் வில்சன் என்ற அமெரிக்கர் மனைவி, குழந்தைகளோடு காரில் வாஷிங்டன் போனார். வழியில் தங்கிய இடங்களில் அழுக்கு ஒரு பக்கம், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கட்டணம் இன்னொரு பக்கம். அந்த எரிச்சலில்தான் 1952இல் மெம்ஃபிஸ் நகரில் முதல் ஹாலிடே இன் விடுதியைத் திறந்தார். எந்தக் கிளைக்குப் போனாலும் என்ன கிடைக்கும் என்று பயணிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. திகைப்பு எதுவும் இல்லாததே சிறந்த திகைப்பு என்ற பொருளில் பிற்பாடு விளம்பரமே செய்தார்கள். நள்ளிரவில், கால் கடுக்க, அழுத முகத்தோடு ஒரு கதவைத் திறக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. போர்வை சுத்தமாக இருக்கும், வெந்நீர் வரும், கதவு உள்ளிருந்து பூட்டும். இத்தனையும் யோசிக்காமலே கிடைத்தது. என் பழைய மனத்தாங்கலில் பாதியை அன்றைக்கே விட்டுவிட்டேன்.

தூக்கம்தான் வரவில்லை. ஓடுபாதை ஜன்னலுக்கு நேரே இருந்தது. விமானங்கள் விளக்கோடு இறங்குவது தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. இப்படிப்பட்ட ஜன்னல்களில் பெரும்பாலும் இரண்டு கண்ணாடிகளை வெவ்வேறு தடிமனில், நடுவில் காற்று இடைவெளி விட்டுப் பொருத்துகிறார்கள். ஒரு கண்ணாடி எந்த அதிர்வுக்கு இளகிக் கொடுக்கிறதோ அந்த அதிர்வை மற்றது தடுத்துவிடும். அவ்வளவு பெரிய இயந்திரம் ஊமையாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் அடங்குவதற்குப் பதிலாக இன்னும் விழித்துக்கொள்கிறது. புது இடத்தில் தூக்கம் வராது என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அதற்குக் காரணம் காட்டியது. அறிமுகமில்லாத இடத்தில் முதல் இரவு தூங்கும்போது மூளையின் இரண்டு பாதிகளும் ஒரே ஆழத்தில் தூங்குவதில்லையாம். இடப் பாதி கொஞ்சம் மேலோட்டமாகவே தூங்கி, வழக்கத்துக்கு மாறான சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. டால்பின்களும் சில பறவைகளும் பாதி மூளையால் தூங்கி மறுபாதியால் விழித்திருப்பதோடு இதை ஒப்பிடுகிறார்கள். நமக்கு நாமே காவல் இருக்கிறோம். வேறு யாராவது காவல் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்தப் பாதியும் தூங்கிவிடுமா என்று அந்த ஆய்வில் கேட்டார்களா தெரியாது, நான் கேட்க விரும்பும் கேள்வி அதுதான்.

நேற்று முடியாத மேசை

ஒன்றே முக்கால் மணிக்குக் கீழே இறங்கிப் போனேன். குடிக்க வெந்நீர் கிடைக்குமா என்று கேட்பது ஒரு சாக்கு. அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருக்க முடியவில்லை. வரவேற்பு மேசையில் அவர் கணினித் திரையையும் தாள்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

என்ன வேலை இந்த நேரத்தில் என்று கேட்டேன். அன்றைய கணக்கை முடிப்பதாகச் சொன்னார். ஒவ்வொரு அறைக்கும் அந்த இரவின் வாடகையையும் வரியையும் ஏற்ற வேண்டும். அட்டையில் வந்த பணம், ரொக்கமாக வந்த பணம், விமான நிறுவனங்களின் சீட்டுகள் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் கடைசியில் ஒரு பொத்தானை அழுத்துவார். அப்போதுதான் விடுதியின் தேதி மாறும்.

"அப்படியென்றால் இப்போது என்ன தேதி?"

"வெளியே இன்று. இந்த மேசையில் இன்னும் நேற்றுதான். நான் முடிக்கிறவரை நேற்று முடியாது."

விடுதிக் கணக்கின் சாதாரண நடைமுறை இது. இரவு ஒரு மணிக்கு வந்து சேருகிறவரும் முந்தைய நாளின் விருந்தினராகத்தான் பதிவாக வேண்டும், அதனால் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டினாலும் விடுதியின் நாள் நீள்கிறது. அவருக்கு அது தினப்படி வேலை. எனக்கோ அந்தச் சொல் நெஞ்சில் போய்த் தைத்தது. விமானத்தைத் தவறவிட்டுச் சீட்டோடு நின்ற நாள் இன்னும் முடியவில்லை, யாரோ ஒருவர் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டதும் ஒரு தைரியம் வந்தது. அக்காவைப் பற்றிச் சொன்னேன். மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும், நான்கு மணிக்கு எழுந்தால் போதும் என்றேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டார்.

மேசையில் அச்சடித்த ஒரு பட்டியல் இருந்தது. எந்த அறையில் யார், எத்தனை பேர். கணினி இருக்கும்போது தாள் எதற்கு என்றேன். தேதி மாறும் நேரத்தில் கணினி சிக்கிக்கொண்டால் இந்தத் தாள்தான் கணக்கு. தீ அபாய மணி அடித்தாலும் இதை எடுத்துக்கொண்டுதான் வெளியே ஓட வேண்டும், யார் வெளியே வரவில்லை என்று அப்போதுதான் தெரியும் என்றார். பட்டியலில் சில அறைகளைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். அவை விமானிகளும் பணிப்பெண்களும் தங்கியிருக்கும் அறைகள். லிஃப்டின் சத்தம் கேட்காத மூலையில் கொடுப்பார்களாம். அமெரிக்காவில் 2014 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, பயணிகள் விமானத்தின் விமானி பணிக்குத் திரும்பும் முன் குறைந்தது பத்து மணி நேர ஓய்வு எடுத்திருக்க வேண்டும், அதில் எட்டு மணி நேரம் இடையூறு இல்லாமல் தூங்க வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். மற்ற நாடுகளிலும் இதுபோன்ற விதிகள் உண்டு. தவறான அறைக்கு ஓர் அழைப்பு போய்விட்டால் போதும், ஒரு விமானமே நின்றுபோகலாம் என்றார் அவர். இந்த வேலையில் பெரிய தவறு எது என்றால் எழுப்பக் கூடாத ஒருவரை எழுப்புவதுதான் என்றார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை அப்போது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. அது மனதில் ஏறியது பிறகுதான்.

நான்கு மணி ஐந்து நிமிடம்

இரண்டரை மணி வாக்கில் அறைக்குத் திரும்பினேன். கைப்பேசியில் நான்கு சதவீதம் இருந்தது. கட்டில் ஓரத்தில் சார்ஜரைச் செருகி, நான்கு மணிக்கு அலாரம் வைத்துப் படுத்தேன். குளியலறைக் கதவுக்கு மேலே ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் பொத்தானைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கடைசியில் கதவருகே மின்சாரத்துக்காகச் செருகியிருந்த சாவி அட்டையை உருவிவிட்டேன். சில நொடிகளில் விளக்கு அணைந்தது, ஏசியும் அடங்கியது. அந்த இருட்டும் அமைதியும் அவ்வளவு இதமாக இருந்தன. உடனே தூங்கிப்போனேன்.

அட்டையை எடுத்தால் அறையின் மின்சாரம் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. ஆளில்லாத அறையில் விளக்கும் ஏசியும் ஓடி வீணாகாமல் இருக்கத்தான் அந்த அமைப்பே இருக்கிறது. சில விடுதிகளில் ஒன்றிரண்டு பிளக்குகளை மட்டும் அட்டையோடு சேர்க்காமல் விட்டுவைப்பார்கள். என் கட்டிலருகே இருந்தது அப்படிப்பட்டது இல்லை. நான்கு சதவீதம் நான்கு மணி வரை தாங்கவில்லை.

தொலைபேசி அடித்தது. கனவில் என்று நினைத்தேன். இருட்டில் தடவி எடுத்தேன். பழைய மாதிரித் தொலைபேசி. அதற்கு வேண்டிய மின்சாரம் அதன் கம்பியிலேயே வந்துவிடும், அட்டையோடு அதற்குத் தொடர்பில்லை.

"மன்னிக்க வேண்டும். நீங்கள் கேட்கவில்லை. மணி நான்கு ஐந்து. எழுந்துவிட்டீர்களா என்று தெரிந்துகொள்ள நினைத்தேன்."

எழுந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அட்டையைச் செருகி, விளக்கைப் போட்டு, செத்துக் கிடந்த கைப்பேசியைப் பார்த்தபோது கை நடுங்கியது. பத்து நிமிடத்தில் கீழே இருந்தேன். மேசையில் சீருடையணிந்த விமானப் பணியாளர்கள் ஆறேழு பேர் சாவிகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே எக்கி, எப்படித் தோன்றியது உங்களுக்கு என்று கேட்டேன். "நாலரை ஷட்டிலுக்கு ஐந்து பேர். நான்கு பேர் எழுப்பச் சொல்லியிருந்தார்கள். உங்களுடையது மட்டும் காலியாக இருந்தது" என்றார். அவ்வளவுதான். ஷட்டில் ஓட்டுநர் வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டார். நான் நன்றி என்று சொன்னேனா, சொல்ல வாயெடுத்தேனா, ஞாபகம் இல்லை. மதியம் ஒன்றேகாலுக்கு அக்கா கண் திறந்தாள். நான் இருந்தேன்.

கேட்டவரும் கேட்காதவரும்

இரண்டு நாள் கழித்து விடுதியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் விடுதியை நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண். இந்தக் கேள்வியை ஃபிரெட் ரைக்ஹெல்ட் என்ற அமெரிக்க வணிக ஆலோசகர் 2003இல் ஒரு வணிக இதழில் எழுதிப் பரப்பினார். ஒன்பதும் பத்தும் போட்டவர்கள் ஆதரவாளர்கள், ஏழும் எட்டும் போட்டவர்கள் எந்தப் பக்கமும் சேராதவர்கள், ஆறு வரை போட்டவர்கள் அதிருப்தியாளர்கள். அதன் கீழே கட்டில், சுத்தம், குளியலறைத் தண்ணீரின் வேகம், செக்-இன் எடுத்துக்கொண்ட நேரம் என்று தனித்தனியாகக் கேட்டிருந்தார்கள். கடைசியில் வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று ஒரு கட்டம். அதில் நடந்ததை முழுக்க எழுதினேன். அனுப்பும் முன் கை நின்றுவிட்டது. எழுப்பக் கூடாத ஒருவரை எழுப்புவதுதான் பெரிய தவறு என்று அவர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நான் அழைப்பு வேண்டாம் என்று சொன்ன விருந்தினர். அதுவும் வெடுக்கென்று சொன்னவர். என் பயணத்திட்டம் மாறியிருக்கலாம், விழித்துக்கொண்டே இருந்திருக்கலாம், நான்கு மணிக்கு எழுப்பியதற்காகப் புகார் எழுதுகிற ஆளாகவும் இருந்திருக்கலாம். விதிப்படி பார்த்தால் அவர் என்னை விட்டுவிட்டிருக்க வேண்டும். விட்டிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. காலியாக இருந்த அந்த ஒரு கட்டத்தைப் பார்த்து, இரவு இரண்டு மணிக்கு நான் சொன்னதை நினைத்து, இரண்டையும் எடைபோட்டு, தவறாகப் போனால் தன் தலையில் விழட்டும் என்று எண்களை அழுத்தியிருக்கிறார். இதை நான் எழுதி அனுப்பினால் மேலே இருக்கும் யாராவது அதைப் பாராட்டாகப் படிப்பார்களா, விதிமீறலாகப் படிப்பார்களா? எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இரவுப் பணியில் இருந்தவர் மிக நல்ல ஊழியர், அவரை இழந்துவிடாதீர்கள் என்று மட்டும் எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று அடுத்த நொடியே பதில் வந்தது.

பணம் வாங்கிக்கொண்டு மனிதர்களை எழுப்புவது பழைய தொழில். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆலைகள் வந்த காலத்தில் விடியலுக்கு முன் நீளமான கழியோடு தெருத்தெருவாகப் போய் மாடி ஜன்னலைத் தட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். வீட்டுக்காரர் எழுந்துவிட்டார் என்று தெரிந்த பிறகே அடுத்த ஜன்னலுக்குப் போவார்களாம். அலாரம் கடிகாரம் மலிவாகி அந்தத் தொழிலை முடித்துவைத்தது. அதற்காக நான் வருந்தவில்லை, அந்தக் குளிரில் யாரும் நடக்க வேண்டாம். கடிகாரம் செய்ய முடிந்த வேலையைக் கடிகாரமே செய்யட்டும். விடுதிகளிலும் எழுப்பும் அழைப்பைப் பெரும்பாலும் இயந்திரம்தான் செய்கிறது: நேரத்தைப் பதிந்துவைத்தால் பதிவுசெய்த குரல் கூப்பிடும். 2014, 2015இலிருந்து பெரிய சங்கிலி விடுதிகள் கைப்பேசியையே அறைச் சாவியாக்கத் தொடங்கின. வரவேற்பு மேசைப் பக்கமே போகாமல் நேரே அறைக்குப் போய்விடலாம். களைத்து வருகிறவருக்கு அது நல்லதுதான், அதையும் மறுக்க மாட்டேன்.

நான் மல்லுக்கட்டுவது வேறொரு இடத்தில். ஜப்பானில் நாகசாகி மாவட்டத்தில் 2015இல் ரோபோக்களை ஊழியர்களாக வைத்து ஹென்-னா என்ற விடுதி திறந்தார்கள். 2019 தொடக்கத்தில், அங்கிருந்த 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அறைக்குள் வைத்திருந்த உதவியாளர் பொம்மை, விருந்தினரின் குறட்டையை ஏதோ கேள்வி என்று எடுத்துக்கொண்டு, புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று இரவெல்லாம் எழுப்பிக்கொண்டே இருந்ததாம். பலர் இதைச் சிரித்துக்கொண்டே பகிர்ந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூங்க வேண்டியவரை எழுப்பியது ஒரு பிழை, அதைத் திருத்திவிடலாம். எழ வேண்டியவரை, அதுவும் வேண்டாம் என்று சொன்னவரை எழுப்புவதை எந்தப் பட்டியலில் எப்படி எழுதிவைப்பது? அப்படி எழுதிவைத்தால் எல்லோரையும் எழுப்பிவிடும். யாரை என்று தெரிய, இரவு இரண்டு மணிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே கம்பளமும் போர்வையும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கட்டும், அதில் எனக்கு இனி வழக்கில்லை. வில்சன் கேட்டதும் அதுதான், அது கிடைத்துவிட்டது. ஆனால் செலவைக் குறைக்க வேண்டும் என்று வரும்போது இரவு மேசையில் இருக்கும் அந்த ஒரு ஆளின் மேல் முதலில் கை வைக்கிறார்கள் என்றால், எதைக் குறைக்கிறோம் என்று தெரியாமல் குறைக்கிறார்கள். பகலில் அந்த மேசையில் ஆள் இல்லாவிட்டால் கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான். இரவு பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில், விமானத்தைத் தவறவிட்டவர்களும் பாதி மூளையால் தூங்குகிறவர்களும் நிறைந்த ஒரு கட்டடத்தில், விழித்திருக்கும் ஒரே ஆள் அவர்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அதே விமான நிலையம் வழியாகப் போக வேண்டியிருந்தது. இடையில் ஓர் இரவு. வேறு விடுதிகள் இருந்தும் அங்கேயே பதிவுசெய்தேன். இந்த முறை அவரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். உள்ளே போனால் மேசையைக் காணோம். அந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு திரைகள். கடவுச்சீட்டைக் காட்டியதும் கீழே சாவி அட்டை வந்து விழுந்தது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சுவரில் ஒரு தொலைபேசி, உதவி தேவையென்றால் எடுக்கவும் என்று எழுதியிருந்தது. எடுத்தேன். பேசிய பெண் அன்பாகத்தான் பேசினார். அவர் வேறு எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து பல விடுதிகளுக்குப் பதில் சொல்கிறவர். இரவுப் பணியில் இருந்தவரைப் பற்றிக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, தெரிய வாய்ப்பும் இல்லை.

அன்றும் தூக்கம் வரவில்லை. ஒன்றே முக்காலுக்குக் கீழே இறங்கினேன். நாற்காலி மட்டும் அதே இடத்தில் இருந்தது. அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த திரையின் மூலையில் தேதி ஏற்கெனவே மாறியிருந்தது.